மாடு மேய்ச்ச பசங்க நடந்த தூரம்

(நூலக வாசகர் வட்டத்துல பேசினது. நிறைய பேர் எழுதிக் கேட்டாங்க, பேசின மாதிரியே எழுதிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க இருக்கீங்க, பின்னாடி வரிசைல ஸ்கூல் யூனிஃபார்மோட புள்ளைங்களும் வந்து உக்காந்திருக்கீங்க, சந்தோஷம்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல வாத்தியாரா இருந்தவன். கணக்கு வராத பையனைப் பாத்து "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு"ன்னு எத்தனையோ தடவை சொல்லிருக்கேன். அது ஒரு திட்டுன்னு நெனச்சு சொன்னது, கேட்ட பையனும் திட்டுன்னு நெனச்சுத்தான் தலையைக் குனிஞ்சான். ரிட்டயர் ஆனப்புறம், போர்ல ஊரை விட்டு ஓடின தெற்கு சூடான் பசங்க, 'தொலைஞ்சு போன பசங்க'ன்னு (Lost Boys) சொல்வாங்களே, அவங்களைப் பத்தி ஒவ்வொண்ணா தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் அந்த வார்த்தை என் வாயில வர்றதில்ல. ஏன்னு கேட்டா, அந்தப் பசங்க உயிரோட மிஞ்சினதுக்குக் காரணமே அவங்க மாடு மேய்ச்சவங்கங்கறதுதான். இன்னிக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சூடான்ல ரெண்டாவது உள்நாட்டுப் போர் 1983-ல ஆரம்பிச்சது. 1972-ல அடிஸ் அபாபால போட்ட ஒப்பந்தப்படி தெற்குப் பகுதிக்குத் தனி நிர்வாகம் கெடச்சிருந்தது, அதை அதிபர் நிமேரி 1983-ல கலைச்சுட்டார், நாடு முழுக்க ஷரியா சட்டம்னும் அறிவிச்சார், நடுவுல தெற்குல எண்ணெய் வேற கண்டுபிடிச்சிருந்தாங்க, அது யாருக்குங்கற சண்டை. போர் (Bor)னு பேருள்ள ஊர்ல இருந்த தெற்குப் பட்டாளம் கலகம் பண்ணிச்சு, ஜான் கராங் தலைமைல விடுதலைப் படை உருவாச்சு. இருபத்திரண்டு வருஷம் ஓடின போர். சுமார் 20 லட்சம் பேர் செத்தாங்க, குண்டுல செத்தவங்களை விட பசிலயும் நோய்லயும் செத்தவங்கதான் அதிகம். அரசியலை இதோட விட்டுடறேன், புள்ளைங்க கதைக்கு வர்றேன்.

டிங்கா, நுவேர்னு ரெண்டு பெரிய இனம், ரெண்டு பேருக்கும் மாடுதான் எல்லாம். கல்யாணம் மாட்டுல, தகராறு தீர்க்கிறது மாட்டுல, பாட்டு மாட்டைப் பத்தி. மாட்டோட நிறத்துக்கு அவங்க மொழில அத்தனை சொல்லு இருக்கு. வெள்ளைக் காளை மபியோர், கருப்பும் வெள்ளையும் கலந்தது மஜோக், செவலை மலுவல். அந்தப் பேரையே மனுசங்களுக்கும் வைப்பாங்க. ஜான் கராங்கோட முழுப்பேரே ஜான் கராங் டி மபியோர். நம்ம ஊர்ல மயிலை, செவலை, காரி, பில்லைன்னு சொல்ற மாட்டுக்காரங்களுக்கு இது உடனே புரியும்.

மழை நின்னு தரை காயற மாசங்கள்ல ஊரை விட்டுத் தள்ளி, தண்ணி இருக்கற பக்கமா மாட்டுப்பட்டி போடுவாங்க. ஏழெட்டு வயசுப் பையன்லாம் அண்ணனுங்களோட அங்க போயிடுவான், அம்மா கூட இருக்க மாட்டாங்க. சாயங்காலம் மாடு திரும்பறதுக்குள்ள சின்னப் பசங்க கையாலயே சாணி அள்ளிப் பரத்திக் காயவெச்சு, குவிச்சு, நெருப்பு வெக்கணும். கொழுந்து விட்டு எரியக்கூடாது, புகையணும், கொசுவுக்கு அதுதான் மருந்து. அந்தச் சாம்பலை எடுத்து மாட்டு முதுகுல தேய்ப்பான், தன் உடம்புலயும் முகத்துலயும் பூசிக்குவான், ராத்திரி அந்தச் சாம்பல் சூட்டுலயே படுத்துக்குவான். நம்ம திருநீறும் சாணிச் சாம்பல்தானே, அந்தப் பசங்க ஃபோட்டோவை முதல்ல பாத்தப்ப நெத்தி மட்டும் இல்லாம உடம்பு முழுக்க பூசின சின்னச் சாமியாருங்க மாதிரி இருந்தது எனக்கு.

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு முளை உண்டு. அந்த மாடு அந்த முளைலதான் நிக்கும். நூறு மாடு திரும்பி வந்தா பையன் ஒண்ணு ரெண்டுன்னு எண்ண மாட்டான், ஒரு சுத்து பாப்பான், எந்த முளை காலியா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

இப்ப பாருங்க. ஊருக்குள்ள ஆயுதக்காரன் வர்றான், சில இடத்துல குதிரைல வந்தாங்க, சில இடத்துல மேல இருந்து குண்டு விழுந்தது. ஆம்பளைங்களைக் கொன்னாங்க, வீட்டைக் கொளுத்தினாங்க, பொம்பளைங்களையும் பொம்பளப் புள்ளைங்களையும் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. பையனுங்க அந்த நேரம் எங்க? மாட்டோட வெளிய. துப்பாக்கிச் சத்தம் கேக்குது, ஊர்ப்பக்கம் புகை தெரியுது, திரும்பிப் போக முடியாது, புதருக்குள்ள ஓடறான். அதனாலதான் தப்பிச்சவங்கள்ல பெரும்பாலும் பையனுங்க. சுமார் 20,000 பேருன்னு சொல்றாங்க. அஞ்சாறு வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும்.

பெரும்பாலானவங்க போனது கிழக்கே, எத்தியோப்பியாவுக்கு. மேப் கிடையாது, சூரியன் உதிக்கிற திசைதான் வழி. சில கூட்டத்துல கொஞ்சம் பெரியவங்க இருந்தாங்க, சில கூட்டத்தை விடுதலைப் படை ஆளுங்க வழிகாட்டிக் கூட்டிட்டுப் போனாங்க, சிலதுல பதிமூணு வயசுக்காரன்தான் மூத்தவன். வாரக்கணக்குல, மாசக்கணக்குல நடை, தூரத்துல கிளம்பினவங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கிட்ட வரும்.

அந்த நிலத்தைக் கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. அது நம்ம கோவில்பட்டிப் பக்கம் இருக்கற மாதிரியே கரிசல் மண்ணு. மழைல கால் வெச்சா முழங்கால் வரைக்கும் இழுக்கும். காஞ்சா பாளம் பாளமா வெடிச்சு, ஈரத்துல பதிஞ்ச மாட்டுக் குளம்புத் தடமெல்லாம் கல்லு மாதிரி இறுகி நிக்கும், அது மேல செருப்பில்லாத ஒரு ஏழு வயசுப் பாதம். ஒரு பக்கம் 'சட்' (Sudd)ங்கற பேருள்ள பெரிய சதுப்பு, வெள்ளை நைல் பரந்து கெடந்து கோரைப்புல்லா நிக்கற எடம். இன்னொரு பக்கம் நாள் கணக்கா தண்ணியே கெடைக்காத வெட்டவெளி. பகல்ல விமானம் பாத்துடும், வெயிலும் தாங்காது, அதனால நிறைய கூட்டம் ராத்திரில நடந்தது. ராத்திரில சிங்கம். வரிசைல கடைசில நடக்கறவனைத்தான் அது எடுக்கும், அதனால சின்னவங்களை நடுவுல விட்டு முன்னாடியும் பின்னாடியும் பெரிய பசங்க நடந்தாங்க. இது யாருங்க சொல்லிக் குடுத்தது? கன்னுக்குட்டியை மந்தைக்கு நடுவுல விட்டு ஓட்டறவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா?

சாப்பாடுன்னா இலை, காட்டுப்பழம், கிழங்கு, யாராவது கிராமத்துல குடுத்தா ஒரு கை சோளம். எந்த இலையைத் தின்னலாம் எதைத் தொடக்கூடாதுன்னு மேய்ச்சல்ல பழகினவனுக்குத் தெரியும், எந்தப் பள்ளத்துல தோண்டினா ஈரம் இருக்கும்னு தெரியும். புளியமரம் அங்கயும் நிறைய, ஆப்பிரிக்காதான் புளிக்கே சொந்த ஊரு. தண்ணி இல்லாதப்ப ஈரமண்ணைச் சப்பினாங்க, மூத்திரத்தைக் குடிச்சாங்க, பிழைச்சு வந்தவங்க ஒளிக்காம சொல்லிருக்காங்க. நடக்க முடியலன்னு மரத்தடில உக்காந்தவன் எழுந்திரிக்கல. காலைல எழுந்தா பக்கத்துல படுத்தவன் எழுந்திரிக்கல. அவங்களும் எண்ணல, ஒரு சுத்து பாத்தாங்க, எந்த முளை காலின்னு தெரிஞ்சது. அந்த வயசுல ஒரு புள்ளைக்கு எது தெரியக்கூடாதோ அது தெரிஞ்சது.

எட்டு வயசுக்காரன் அஞ்சு வயசுக்காரன் கையைப் பிடிச்சு நடந்திருக்கான், முள்ளை எடுத்து விட்டிருக்கான், அவன் அழுதா அடுத்த மரம் வரைக்கும் நட, அங்க உக்காரலாம்னு சொல்லியே கூட்டிட்டுப் போயிருக்கான், அந்த அடுத்த மரம் வந்ததும் அதுக்கடுத்த மரம். இவங்க எல்லாரும் நல்லவங்களாவே இருந்தாங்கன்னு சொல்ல மாட்டேன், பசில ஒருத்தன் தண்ணியை இன்னொருத்தன் பிடுங்கினதும் நடந்திருக்கு, கூட்டம் ஒருத்தனை விட்டுட்டுப் போனதும் நடந்திருக்கு.

1987, 88-ல எத்தியோப்பியால பின்யுடோ, இடாங், டிம்மா முகாம்களுக்கு வந்து சேர்ந்தாங்க. எலும்பும் தோலுமா வந்தாங்க, வந்தப்புறமும் கழிச்சல், தட்டம்மைன்னு நிறைய பேர் போனாங்க, புள்ளைங்களே புள்ளைங்களுக்குக் குழி தோண்டினாங்க. மெல்ல உதவி வந்தது. மரத்தடில பள்ளிக்கூடம், சிலேட்டு கிடையாது, மண்ணுல விரலால எழுதினாங்க. அங்கயே விடுதலைப் படை பசங்களுக்கு ஆயுதப் பயிற்சியும் குடுத்தது, அதையும் மறைக்காம சொல்லணும். புள்ளைங்களைக் காப்பாத்தறோம்னு சொன்னவங்களே புள்ளைங்க கைல துப்பாக்கியைக் குடுத்தாங்க, எந்த நியாயம் சொன்னாலும் என் மனசு அதை ஏத்துக்காது.

1991 மே மாசம் எத்தியோப்பியால மெங்கிஸ்டு ஆட்சி கவுந்தது. புது ஆளுங்களுக்கு சூடான் அகதிங்க வேண்டாதவங்க. முகாமை விட்டு ஓட வேண்டியதாச்சு, வந்த வழியே திரும்பி சூடானுக்கு. நடுவுல கிலோ (Gilo)ங்கற பேருள்ள ஒரு ஆறு. மழைக்காலம், ஆறு நிரம்பி ஓடுது, பின்னாடி துப்பாக்கி, தண்ணில முதலை, நிறைய பேருக்கு நீச்சல் தெரியாது. ஆயிரக்கணக்குல போயிட்டாங்கன்னு தப்பிச்சவங்க சொல்றாங்க. நான் வாத்தியார், என் ஸ்கூல்ல காலைல அசெம்பிளிக்கு நிப்பாங்களே ஆயிரம் புள்ளைங்க, அந்த மைதானத்தை நெனச்சேன். அதுக்கு மேல என்னால படிக்க முடியல, அன்னிக்கு மூடி வெச்சுட்டேன்.

மிஞ்சினவங்க சூடான் எல்லைல பொச்சல்லாங்கற ஊர்ல கொஞ்ச காலம், அங்கயும் சண்டை வந்து, திரும்பவும் நடை, 1992-ல கென்யா எல்லையைத் தாண்டினாங்க. அவங்களுக்காகத்தான் ககுமா முகாம் அந்த வருஷம் ஆரம்பிச்சது. துர்க்கானா பகுதி, புழுதிக்காத்து, வெயில். அங்க வந்து சேர்ந்தவங்க பத்தாயிரத்துக்கு மேல. பத்து வருஷம் கிட்ட அங்கயே வளர்ந்தாங்க.

இந்தப் பசங்கள்ல ஒருத்தனான ஓட்டக்காரன் லோபெஸ் லோமாங் கதை கொஞ்சம் வேற மாதிரி, ஆனா பின்னாடி உக்காந்திருக்கற புள்ளைங்களுக்காகச் சொல்றேன். ஆறு வயசுல சர்ச்லேர்ந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க, சிப்பாயாக்கறதுக்கு. அவங்க ஊர்ப் பெரிய பசங்க மூணு பேர் அவன் கையைப் பிடிச்சு வேலி ஓட்டை வழியா வெளிய இழுத்துக்கிட்டு மூணு நாள் ஓடினாங்க, கென்யா எல்லை வரைக்கும். ககுமால வளர்ந்தான், 2000-ல சிட்னி ஒலிம்பிக்ஸ்ல மைக்கேல் ஜான்சன் ஓடறதை டிவில பாத்தான், தானும் ஓடணும்னு முடிவு பண்ணான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்கக் கொடியைத் தூக்கிட்டு முன்னாடி நடந்தது அவன்தான். அந்த மூணு பசங்க பேரு எனக்குத் தெரியல, அதுதான் உறுத்துது.

2001 வாக்குல சுமார் 3,800 பேரை அமெரிக்கா எடுத்துக்கிச்சு. பிறந்த தேதி தெரியாததால நிறைய பேருக்கு ஜனவரி 1-னு போட்டாங்க. அதுல பொண்ணுங்க எத்தனை தெரியுமா, வெறும் 89. பொண்ணுங்க நடக்காம இல்ல. முகாம்ல பையனுங்களைத் தனிக் கூட்டமா வெச்சாங்க, பொண்ணுங்களை ஏதாவது ஒரு குடும்பத்தோட சேர்த்துவிட்டாங்க, அது அவங்க வழக்கம். அதனால ஆதரவில்லாத புள்ளைங்கங்கற லிஸ்ட்லயே அவங்க பேரு வரல. தண்ணி தூக்கி, சோறாக்கி, பரிசமா மாடு வரும்னு கல்யாணம் பண்ணிக் குடுக்கப்பட்டு, அப்படியே போச்சு. 'தொலைஞ்சு போன பசங்க'ன்னு வெளிய இருந்து வந்தவங்க வெச்ச பேருலயே பொண்ணுங்க இல்ல பாருங்க.

சால்வா டுட்டைப் பத்தி ஒரு நிமிஷம். பதினோரு வயசுல ஸ்கூல்ல இருந்தப்ப சண்டை வந்து ஓடினவர், 1991-க்கு அப்புறம் ஆயிரத்துக்கு மேல பசங்களை எத்தியோப்பியாலேர்ந்து ககுமா வரைக்கும் கூட்டிட்டு வந்தவர், அப்ப அவருக்கு இன்னும் இருபது வயசு ஆகல. அமெரிக்கா போய்ப் பல வருஷம் கழிச்சு அப்பா உயிரோட இருக்கார்னு தெரிஞ்சு ஓடிப்போய்ப் பாத்தா, கெட்ட தண்ணி குடிச்சு வந்த நோயோட ஆஸ்பத்திரில கெடக்கார். 2003-ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சார், 2005-ல அப்பா ஊர்லயே முதல் போர்வெல் போட்டார். தண்ணி எங்கன்னு தேடி நடந்த பையன்.

அமெரிக்கால மத்தவங்க என்ன பண்ணாங்க? ஃப்ரிட்ஜ், லைட் சுவிட்ச், பனி எல்லாமே புதுசு. ராத்திரி ஷிஃப்ட்ல கோழி வெட்டற ஃபேக்டரி, குடோன், ஓட்டல்ல பாத்திரம் கழுவறதுன்னு வேலை, பகல்ல காலேஜ். சின்ன வயசுலயே கிளம்பிட்டதால டிங்கா ஆம்பளைக்கு நெத்தில கீறற அந்தக் கோடு நிறைய பேருக்கு இல்ல, ஊருக்குத் திரும்பினா பெருசுங்க கண்ணுக்கு இன்னும் பையன்தான். ஆனா கல்யாணம்னு வந்தா மாடு வேணும், முப்பது, அம்பது, சில வீட்ல நூறு. டாலரைச் சேத்து ஊருக்கு அனுப்பினாங்க, அங்க சொந்தக்காரங்க சந்தைல மாடு பிடிச்சாங்க. ஓடி வந்தப்ப விட்டுட்டு வந்த மந்தை போச்சு, இது புது மந்தை, மஜோக் எத்தனை, மலுவல் எத்தனை, மபியோர் எத்தனைன்னு பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி பாத்துப் பாத்து முளைல கட்டினாங்க.