விட்ட இடத்திலிருந்து தொடர

நேயர்களுக்கு வணக்கம். நிரல் எழுதும் வேலையில் கணிசமான பங்கை இன்று ஏஐ ஏஜென்ட்டுகள் செய்கின்றன. கிளாட் கோட், கோடெக்ஸ், கர்சர் என்று பல இருக்கின்றன. வேலையைச் சொன்னால் போதும். தாமே கோப்புகளைத் திறந்து படிக்கும், திருத்தும், ஓட்டிப் பார்க்கும். ஒரே மூச்சில் முடிகிற வேலை என்றால் சிக்கல் இல்லை. சில நாள் இழுக்கிற வேலையில்தான் தகராறு. மறுநாள் புதிதாகத் திறந்து, 'நேற்று விட்டதைத் தொடர்' என்றால், அதற்கு நேற்று என்று ஒன்றே கிடையாது.

காரணம் எளிது. பேசப்பேச, ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரியின் உள்ளே எதுவும் பதிவாவதில்லை. ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த உரையாடல் முழுவதும் அதன் முன் மறுபடி வைக்கப்படுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை டோக்கன் கணக்கில் சொல்வார்கள்; டோக்கன் என்பது ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு. 2020-இல் வந்த ஜிபிடி-3-க்கு 2,048 டோக்கன். இன்று 2 லட்சம் சாதாரணம், 10 லட்சம் கொள்பவையும் உண்டு. கேட்க அதிகம்தான். ஆனால் நாலு பெரிய கோப்புகளையும் ஒரு நீண்ட பிழைப் பதிவையும் படித்தால் மளமளவென்று கரையும். நிறைந்துவிட்டால் பழைய பேச்சைச் சுருக்கி வைத்துக்கொண்டு மேலே போகும். அந்தச் சுருக்கத்தில், செய்தது தங்கும். ஏன் செய்தோம் என்பது எளிதில் உதிர்ந்துவிடும்.

பழைய உரையாடலையே மறுபடி திறக்கலாமே என்பீர்கள். திறக்கலாம். அதோடு நேற்றைய குப்பையும் சேர்ந்து வரும். இடையில் யாராவது கோப்பை மாற்றியிருந்தால் அதுவும் அதற்குத் தெரியாது.

ஆகவே முன்னேற்றத்தை உரையாடலுக்கு வெளியே, திட்டத்தின் கோப்புறையிலேயே ஒரு சாதாரண உரைக் கோப்பாக எழுதி வைப்பதுதான் வழி. எதை எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'இன்று இன்னின்ன கோப்புகளை மாற்றினேன்' என்று ஏஜென்ட் பக்கம் பக்கமாக எழுதும். அது வீண். நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற மென்பொருள் அந்த வேலைக்குத்தான் இருக்கிறது. எந்த வரி எப்போது மாறியது என்று அது துல்லியமாகச் சொல்லும்.

கிட் சொல்லாதது, முயன்று பார்த்துக் கைவிட்டதை. ஒரு பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று வையுங்கள். ஏஜென்ட் ஒரு கேச் சேர்க்கிறது, அதாவது ஒருமுறை எடுத்த தகவலை மறுபடி தேடாமல் கையருகே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. வேகம் வருகிறது, ஆனால் திருத்திய பிறகும் பழைய தகவலே காட்டுகிறது. சரி, வேண்டாமென்று கமிட் செய்யாமலே, அதாவது கிட்டில் பதியாமலே, நீக்கிவிடுகிறது. வரலாற்றில் தடயமே இல்லை. மறுநாள் புது அமர்வு, அதாவது புதிதாகத் திறந்த உரையாடல், வந்து பார்க்கும். 'அட, இங்கே ஒரு கேச் வைக்கலாமே' என்று உற்சாகமாக ஆரம்பிக்கும். 'கேச் வைத்துப் பார்த்தோம், பழைய தகவல் வருகிறது, வேண்டாம்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த வேலை மிச்சம். இப்படிக் கைவிட்டவை, அவற்றின் காரணம், அடுத்து செய்யவேண்டிய ஒரே ஒரு படி, இவ்வளவு எழுதினால் போதும் என்பேன்.

இன்னொன்று, 'முடிந்தது' என்ற சொல். ஏஜென்ட்டுகள் அதைத் தாராளமாகச் சொல்லும். அதனால் செய்யவேண்டியவற்றைப் பட்டியலிட்டு, எல்லாவற்றையும் 'தேறவில்லை' என்றே தொடங்க வேண்டும். சோதனையை ஓட்டி, ஓட்டிய கட்டளையையும் வந்த விடையையும் பக்கத்தில் எழுதிய பிறகே மாற்றலாம். பட்டியலின் வாசகத்தையோ சோதனையையோ தனக்கு வசதியாகத் திருத்தக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சில நேரம் அதையும் செய்யும்.

எப்போது எழுதுவது? கடைசியில் என்று விட்டால் நடக்காது. வரம்பு தீரும், இணையம் அறுந்துபோகும். கடைசி என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை. தரவுத்தள மென்பொருள்கள் பல, தரவை மாற்றும் முன்பே மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதிவிடுகின்றன. நடுவில் நின்றாலும் மீளலாம். இங்கும் ஒவ்வொரு சிறு படிக்கும் ஒரு கமிட், ஒரு குறிப்பு.

புது அமர்வு தொடங்கும்போது குறிப்பை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. குறிப்பு, பிறகு கிட் வரலாறு, அப்புறம் ஒருமுறை சோதனைகள், அதன் பின்னரே புது வேலை. குறிப்பும் நிரலும் முரண்பட்டால் நிரலைப் பார்த்துக் குறிப்பைத் திருத்த வேண்டும். பழசாகிப்போன குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

கிளாட்.எம்டி, ஏஜென்ட்ஸ்.எம்டி போன்ற கோப்புகளில் இந்த அன்றாடக் கணக்கைக் கொட்டாதீர்கள். அவை நிரந்தர விதிகளுக்கானவை; அமர்வுதோறும் படிக்கப்பட்டு இடத்தைப் பிடிக்கும். கடவுச்சொல், ரகசியச் சாவி எதுவும் குறிப்பில் ஏறக் கூடாது, அது கிட்டோடு ஊர் சுற்றும். வேலை முடிந்ததும் குறிப்புக் கோப்பைத் தாராளமாக அழித்துவிடலாம். கமிட் செய்திருந்தால் பழைய பிரதி வரலாற்றில் கிடக்கும்.

நன்றி, வணக்கம்.