அம்மாவின் அட்டையைக் கொண்டு வாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். குறைமாதக் குழந்தைகளின் மூச்சைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் தாயின் இரத்த அழுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். மதுரையில் குழந்தை மருத்துவனாக இருந்த ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்த வழி அதுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருநாள் நான்கு மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். 29 வாரத்தில் பிறந்தவள். பிறந்தபோது எடை 1,100 கிராம். ஒரு மாதத்துக்கும் மேல் ஆக்சிஜனில் இருந்து தேறி வீட்டுக்குப் போனவள், இப்போது சாதாரணச் சளிக்கே விலா உள்வாங்க மூச்சிரைத்தாள். கூட வந்த அம்மாச்சி, பேத்தியின் காகிதங்கள் அத்தனையையும் மஞ்சள் பையில் வைத்திருந்தார். எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, ஒன்றையும் விடவில்லை.

"மகளுடைய கர்ப்பகால அட்டை எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"அது அவளுக்குப் போட்டதுதானே ஐயா? பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி அது எதற்கு?"

மறுநாள் பஸ் ஏறிப் போய் எடுத்து வந்துவிட்டார். ஐந்தாம் மாதம் இரத்த அழுத்தம் 120/80. ஆறாம் மாதம் 140/90. அதற்கடுத்து 160/110, சிறுநீரில் புரதம். நான் தேடியது அந்த மூன்று வரிகளைத்தான். உடனே குழந்தையின் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தது. வெறும் சளி என்று நினைத்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்போம்.

தாயின் அழுத்தத்துக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? மேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குக் கடைமடை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் வந்து சேராத இடத்தில் வயலும் விரியாது. நுரையீரலும் அப்படித்தான் வளர்கிறது. மெல்லிய இரத்தக் குழாய்கள் கிளைவிடக் கிளைவிடத்தான் காற்றுச் சிற்றறைகள் பிரியும். வளர்ந்தவருக்கு இந்தச் சிற்றறைகள் ஏறத்தாழ 30 கோடி. 28 வாரத்துக் குழந்தைக்கோ வெறும் பைகள்தான் உண்டு. அவை இன்னும் சிற்றறைகளாகப் பிரிந்திருக்காது. கர்ப்பகால இரத்த அழுத்த நோயில் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. தவிக்கும் நஞ்சுக்கொடி, இரத்தக் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. தாய்க்கு அழுத்தம் ஏறுவதற்கு அது ஒரு காரணம். பிள்ளையின் நுரையீரலிலும் வாய்க்கால் வெட்டும் வேலை தடைப்படக்கூடும். அதன்பின் குறைமாதத்தில் பிறந்து, ஆக்சிஜனும் வென்டிலேட்டரும் சேர்ந்துகொண்டால், பி.பி.டி. என்று நாங்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் நோய் வர வாய்ப்புக் கூடுகிறது. திரும்பவும் சொல்கிறேன்: பிறந்த பிறகு கொடுக்கும் ஆக்சிஜன் மட்டுமே இதற்குக் காரணமில்லை. பிறப்பதற்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடலாம்.

பனிக்குடத்தில் கிருமி தொற்றினாலும் நுரையீரலில் அழற்சி உண்டாகும். தாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புப் பொருள் சுரப்பது தாமதப்படும். நனைந்த பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அந்தப் பொருள் இல்லாத நுரையீரல் அப்படித்தான் இருக்கும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறி ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நுரையீரலை விரைவாக முதிரவைக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்த பிறகு, பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று மூச்சுவிட்டது! 1969-இல் அதை எழுதினார். 1972-இல் ஹோவி என்பவரோடு சேர்ந்து, கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியைப் போட்டால் குழந்தைகளின் மூச்சுத்திணறலும் இறப்பும் குறைவதைக் காட்டினார். ஒரு கிடையில் தொடங்கிய வேலை இன்று உலகம் முழுவதும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. நம் நாட்டில் 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நேரக்கூடும் என்றால் தாய்க்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போடுகிறோம். மிக மலிவான மருந்து. ஆனால் வேளையோடு போட வேண்டுமே! தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் கண்டவுடன் மருத்துவமனைக்கு வந்தால்தான் அதற்கு நேரம் கிடைக்கும். வளைகாப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

"ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று பெரியவர்கள் சொல்வதும் தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு நல்லது.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டுப் பராமரிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: தாய்ப்பால் கொடுங்கள், மார்போடு அணைத்து வைத்திருங்கள், விறகுப் புகையும் பீடிப் புகையும் குழந்தை இருக்கும் அறைக்கு வர வேண்டாம், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த அம்மாச்சியின் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்த முறை குழந்தையைக் காட்ட வரும்போது அம்மாவின் அட்டையும் பையில் இருக்கட்டும். வணக்கம்.