அரீத்தா ஃபிராங்க்ளின் கேட்ட மரியாதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பாடகி ஒருவரைப் பற்றிப் பேச வந்த நான் ஒரு நீதிமன்றக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கேட்ஸ்டன் என்னும் ஊரில், கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய குடிமை உரிமை இயக்கத்தைச் சேர்ந்த மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். வெள்ளையினச் சாட்சிகளை முறையாக விளித்த அரசு வழக்கறிஞர், இவரை மட்டும் 'மேரி' என்று அழைத்துக் கேள்வி கேட்டார். தம்மை 'மிஸ் ஹாமில்டன்' என்று விளிக்கும்வரை பதில் சொல்லப் போவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று கூறி நீதிபதி விதித்த தண்டனை, ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும். அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது.

நம் மொழியில் மரியாதை வினைமுற்றின் விகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'வா' என்பதற்கும் 'வாருங்கள்' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். ஆகவே மரியாதையின் பாரம் முழுவதையும் பெயருக்கு முன்னால் வரும் மிஸ்டர், மிஸஸ், மிஸ் என்ற சிறு சொற்களே சுமக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் அந்தச் சிறு சொற்களைக் கறுப்பின மக்களுக்குத் தர மறுத்தார்கள். தலை நரைத்த ஆணும் அவர்கள் வாயில் 'பையன்'தான். இந்தப் பின்புலத்தை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், 1967இல் கறுப்பினப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 'ரெஸ்பெக்ட்', அதாவது மரியாதை, என்ற பாடலில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பாடியபோது ஒரு சமூகம் முழுவதும் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தது என்பது விளங்கும்.

அந்தப் பாடல் அவர் எழுதியதன்று. ஓட்டிஸ் ரெடிங் என்ற பாடகர் இயற்றி 1965இல் வெளியிட்டது. வெளியே உழைத்துக் களைத்து வரும் ஆண், வீட்டுக்குள் நுழையும்போது தனக்கு உரிய மரியாதையை மனைவியிடம் கேட்பதாக அது அமைந்திருந்தது. வெளியுலகம் மதிக்காத ஒரு கறுப்பின ஆண் தன் வாசலிலாவது மதிப்பை எதிர்பார்த்ததில் ஒரு துயரம் உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே நிற்கும் பெண்ணுக்கு மரியாதையை யார் தருவார் என்ற கேள்வி அந்தப் பாடலில் எழவேயில்லை. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அரீத்தா அந்தக் கேள்வியை எழுப்பினார். மெட்டு ஏறக்குறைய அதேதான், கேட்கும் குரல் மட்டும் இப்போது பெண்ணுடையது. தன்னிடமும் பணம் இருக்கிறது, அதை உனக்குத் தரவும் போகிறேன், பதிலுக்கு எனக்கு உரியதைக் கொடு என்கிறாள் அந்தப் பெண். அந்தச் சொல்லை ஏழு எழுத்துகளாகப் பிரித்துச் சொல்லும் பகுதி ரெடிங்கின் பாடலில் கிடையாது. அது அரீத்தாவின் சேர்க்கை. பாடம் ஏறாத மாணவனுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியையின் பொறுமையும் கண்டிப்பும் அதில் ஒன்றாகக் கேட்கின்றன. பின்னணியில் இருப்பவை அவருடைய தங்கை கரோலின், அக்கா எர்மா இருவரின் குரல்கள். ஒரு பெண் கேட்கிறாள், அவள் உடன்பிறந்தவர்கள் அவளுக்குப் பக்கத்துணையாக நிற்கிறார்கள் என்ற காட்சியை அந்தக் குரல் அமைப்பே உருவாக்கிவிடுகிறது. அவ்வாண்டு ஜூன் மாதம் மான்டெரே இசை விழாவில் இதே பாடலைப் பாட வந்த ரெடிங், ஒரு பெண் இதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று மேடையிலேயே சொன்னார்.

அரீத்தா 1942இல் மெம்பிஸ் நகரில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். தந்தை சி. எல். ஃபிராங்க்ளின், நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக விற்ற காலம் அது. அரீத்தா பத்து வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர், பன்னிரண்டு வயதில் தாமே ஒரு குழந்தைக்குத் தாயானவர் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிக் கடக்கிறேன். அந்தச் சுமையைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் மிகக் குறைவாகவே பேசினார், நாமும் அந்த எல்லையை மதிக்கலாம். 1963 ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்த விடுதலைப் பேரணியை முன்னின்று நடத்தியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். அங்கே மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையில், இரண்டு மாதங்கள் கழித்து வாஷிங்டனில் உலகம் கேட்ட 'எனக்கொரு கனவு உண்டு' என்ற முழக்கம் முதலிலேயே ஒலித்துவிட்டது. ஆக, அரீத்தா புகழ் பெற்ற பிறகு இயக்கத்தைத் தேடிப் போனவர் அல்லர். இயக்கம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உணவருந்திய ஒன்று.

பதினெட்டு வயதில் கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆறு ஆண்டுகள் அவர் குரலை என்ன செய்வதென்று அந்த நிறுவனத்துக்குத் தெரியவில்லை. பிறகு அட்லாண்டிக் நிறுவனம் அவரைப் பியானோவின் முன் உட்கார வைத்தது. தேவாலயத்தில் அவர் எப்படி வாசித்துக்கொண்டே பாடினாரோ அப்படியே பாடினார். அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

1967 ஜூன் மாதம் 'ரெஸ்பெக்ட்' பாப் தரவரிசையில் முதலிடம் பெற்றது. அடுத்த மாதம், ஜூலை 23 அன்று, அவருடைய டெட்ராய்ட் பற்றி எரிந்தது. ஐந்து நாள் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் கோடையில் டெட்ராய்ட்டின் வானொலிப் பெட்டிகளில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. கணவன் மனைவிக்கு இடையிலான ஒரு வழக்கைச் சொல்லும் பாட்டு எப்படி ஓர் இனத்தின் கோரிக்கையாகவும் பெண்களின் கோரிக்கையாகவும் ஒரே நேரத்தில் ஆனது என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வீட்டில் மறுக்கப்படுவதும் வீதியில் மறுக்கப்படுவதும் ஒன்றே என்பது அந்தப் பெண்களுக்குப் புதுச் செய்தியன்று. சாதாரண மனிதர்கள், வணிகர், தாய், தீயணைப்பு வீரர், ஆசிரியர் என எல்லோருக்கும் தேவைப்பட்டது மரியாதைதான் என்று பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அரீத்தா எழுதினார்.

அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். கூச்ச சுபாவம் உள்ளவர், நேர்காணல்களில் வார்த்தைகளை எண்ணிப் பேசியவர். கிங்கின் அமைப்புக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் பாடினார். 1968இல் கிங் கொல்லப்பட்டபோது அவருடைய நினைவுக்கும் பாடினார். ஆனால் அவருடைய உள்ளம் முழுமையாக வெளிப்பட்ட தருணம் என்று நான் கருதுவது 1970ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. கம்யூனிஸ்ட் என்பதற்காகப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஏஞ்சலா டேவிஸ், கொலை, ஆள்கடத்தல், சதி ஆகிய குற்றச்சாட்டுகளின்பேரில் அப்போது சிறையில் இருந்தார். நாட்டின் அதிபரே அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டிருந்தார். அந்த நேரத்தில் கறுப்பின வாசகர்களின் 'ஜெட்' இதழில், டேவிஸின் ஜாமீன் தொகை ஒரு லட்சம் டாலரோ இரண்டரை லட்சம் டாலரோ, எதுவானாலும் தாம் கட்டத் தயார் என்று அரீத்தா அறிவித்தார். தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. அவரை மதிக்கிறேன், ஆயினும் என் நம்பிக்கையில் உறுதியாக நிற்பேன் என்றார் மகள். கம்யூனிசத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்பதற்காகத் தாம் இதைச் செய்யவில்லை, டேவிஸ் ஒரு கறுப்பினப் பெண், கறுப்பின மக்களின் விடுதலையை விரும்புகிறவர் என்பதற்காகவே செய்வதாக விளக்கினார். அமைதி கிடைக்காதபோது அமைதியைக் குலைக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றும் கூறினார். இறுதியாக அவர் சொன்னதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்: தம்மிடம் உள்ள பணம் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது, ஆகவே அவர்களுக்கு உதவும் வழியில் அதைச் செலவிட விரும்புவதாக.

1972 பிப்ரவரியில் ஜாமீன் வழங்கப்பட்ட நாளில் அரீத்தா வெளிநாட்டில் இருந்ததால், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வெள்ளையின விவசாயி தம் நிலத்தை ஈடாக வைத்து டேவிஸை வெளியே கொண்டுவந்தார். ஜூன் மாதம் நடுவர் குழு டேவிஸை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. அரீத்தாவின் பணம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். ஆனால் நாடே அஞ்சி விலகிய ஒரு பெண்ணுக்காக, புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகி தம் பெயரையும் பணத்தையும் பிணையாக வைக்க முன்வந்தார் என்பது சிறிய செய்தியன்று. பாட்டு விற்பனை குறையுமோ, வானொலி நிலையங்கள் கைவிடுமோ என்ற கணக்கு அங்கே எழவில்லை.

கணக்கு என்றதும் அவருடைய கைப்பை நினைவுக்கு வருகிறது. மேடையேறுவதற்கு முன் சம்பளத்தை ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் உள்ள பையை மேடைக்கே எடுத்துச் சென்று கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்வார் என்று பத்திரிகையாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். சிலர் அதை ஒரு நட்சத்திரத்தின் விசித்திரம் என்று சிரித்தபடி சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. அவருக்கு முந்தைய தலைமுறையின் கறுப்பின இசைக் கலைஞர்கள் ஒரு சிறு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு உரிமை முழுவதையும் இழந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர் மறைந்துவிட, வெறுங்கையோடு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். அந்த அனுபவம் அவருக்குப் பரம்பரைச் சொத்தைப் போல வந்து சேர்ந்தது. பாட்டில் கேட்ட மரியாதையும் பையில் வைத்த பணமும் அவருக்கு இரண்டல்ல என்பதே என் துணிபு. 2015இல் வாஷிங்டனில் உள்ள கென்னடி மையம் என்னும் கலையரங்கில், அதிபர் ஒபாமாவின் முன்னிலையில் பாட வந்தபோதும், நீண்ட உரோம மேலங்கியோடு மேடைக்கு நடந்து வந்து, கைப்பையைப் பியானோவின் மேல் வைத்துவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்தார்.

தம் படைப்பின்மேல் தமக்கு உள்ள உரிமையையும் அவர் அப்படியே கையில் பற்றியிருந்தார். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவுகள் அவர் பாடிய நற்செய்திப் பாடல்கள் 'அமேசிங் கிரேஸ்' என்ற இசைத்தட்டாக வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. அதில் இணைத் தயாரிப்பாளராக அவர் பெயரும் இடம்பெற்றது. அதற்கு முன்பு எத்தனையோ பாடல்களுக்குப் பியானோ வாசித்து, குரல்களை அமைத்து, மெட்டை மாற்றியும் தயாரிப்பாளர் என்ற பெயர் ஆண்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த இரவுகளைப் படம்பிடித்த சுருள்கள் ஒலியோடு பொருந்தாமல் பல்லாண்டுகள் கிடந்தன. தொழில்நுட்பம் அதைச் சரிசெய்த பிறகு, தம் ஒப்புதல் இல்லாமல் படத்தைத் திரையிடக் கூடாது என்று நீதிமன்றம் சென்று அவர் தடுத்தார். அவர் மறைந்த பிறகு, குடும்பத்தின் இசைவோடு படம் வெளிவந்தது. அதைப் பார்த்து நான் கண் கலங்கினேன். அவர் உயிரோடு இருந்தபோது நமக்குக் காட்ட விரும்பாததைப் பார்க்கிறோம் என்ற உறுத்தலும் இறுதிவரை கூடவே இருந்தது.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், அதை இயற்றியவரின் தரப்புக்கு ராயல்டி என்னும் உரிமைத்தொகை உண்டு, பாடியவருக்கு இல்லை. அதன்படி 1967 முதல் அந்த அலைவரிசைகளில் 'ரெஸ்பெக்ட்' எண்ணற்ற முறை ஒலித்தபோதெல்லாம், ஒலிபரப்புக்கான தொகை ரெடிங்கின் தரப்புக்கே போனது. அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்ன பெண்ணுக்கு அதில் ஒரு காசும் இல்லை. இணைய வானொலி வந்தபோதும், 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் நாடு முழுவதற்குமான கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே நின்றதால், அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தர வேண்டிய கடப்பாடு அச்சட்டத்தில் இருக்கவில்லை. இதை மாற்ற 2014இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'ரெஸ்பெக்ட்' என்று வரும். அது நிறைவேறவில்லை. பழைய ஒலிப்பதிவுகளுக்கு இணைய வானொலியில் தொகை கிடைக்க வழிசெய்த சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2018 அக்டோபர் 11 அன்று. அரீத்தா அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் தம் வீட்டில் காலமாகியிருந்தார். ஏ.எம்., எஃப்.எம். வானொலிக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது.