துணிச்சல் என்று நாம் பெயரிடுவது எதை?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இளம் ஓட்டுநர்களின் விபத்துகளுக்குப் பெரிதும் காரணம் துணிச்சலா, அனுபவமின்மையா என்பது இன்றைய தலைப்பு. துணிச்சலே என்று எனக்கு முன் வாதிட்ட நண்பர், இரவு நேரப் பந்தயங்களையும் கைப்பேசியில் பேசியபடி ஓட்டுவதையும் எடுத்துக்காட்டினார். அவை நடக்கின்றன, உயிர்களைப் பறிக்கின்றன. எங்கள் அணி அதை மறுக்கவில்லை. ஆனால் நாளிதழில் இடம்பிடிப்பவை அவை என்பதாலேயே பெரும்பாலான விபத்துகளும் அப்படித்தான் நேர்கின்றன என்று முடிவுகட்டிவிட முடியாது. கலிபோர்னியா, மேரிலாந்து மாநிலங்களில் 16 முதல் 19 வயது வரையுள்ளோர் சிக்கிய 2,000-க்கும் மேற்பட்ட விபத்துகளின் பதிவுகளை அலசி 2003-இல் வெளியான ஆய்வு, அதிவேகமும் சாகசமும் அவற்றில் சிறு பகுதியே என்றும், முன்னும் பக்கவாட்டிலும் சரியாகப் பார்க்காததும் நிலைமைக்கேற்ப வேகத்தைக் குறைக்காததுமே மிகுதி என்றும் காட்டியது.

பார்க்காதது அலட்சியம்தானே என்று எதிரணியினர் கேட்கலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். நிறுத்தத்தில் நிற்கும் நகரப் பேருந்தை வலப்புறமாகக் கடக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர், பேருந்து கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்து, பிரேக்கில் விரலை வைத்து, அதன் முன்முனையையும் அடியில் யாருடைய கால்களாவது தெரிகின்றனவா என்பதையும் பார்க்கிறார். இறங்கியவர் பேருந்தின் முன்புறமாகப் புகுந்து சாலையைக் கடப்பார் என்பது அவருக்குத் தெரியும். அண்மையில் உரிமம் பெற்ற 18 வயதுப் பிள்ளையின் கண்ணுக்கோ காலியான வலப்பக்கம் மட்டுமே தெரிகிறது. ஆபத்தைக் கண்டும் அவன் துணியவில்லை. அங்கே ஆபத்து இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. புதியவர்களின் பார்வை வண்டிக்கு அருகிலேயே தங்கிவிடுகிறது, கண்ணாடிகளையும் அவர்கள் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று 1972-லேயே அமெரிக்காவில் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து கண்டறிந்தார்கள்.

நம் ஊரில் இருசக்கர வாகன உரிமத்துக்கான முக்கியச் சோதனை, கால் ஊன்றாமல் எட்டுப் போடுவது. வண்டியை வளைக்கத் தெரியும் என்பதை அது காட்டும். வளைவுக்கு அப்பால் என்ன வரக்கூடும் என்று யோசிக்கத் தெரியுமா என்பதைக் காட்டாது. பிரிட்டனில் 2002 முதல், 14 காணொளிகளில் உருவாகிவரும் 15 ஆபத்துகளை உரிமம் கேட்பவர் எவ்வளவு விரைவாகக் கண்டுகொள்கிறார் என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். கார் ஓட்ட விரும்புபவர் அதில் 75-க்கு 44 பெறாவிட்டால் சாலைத் தேர்வுக்கே போக முடியாது.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்கிறார்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் காப்பாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. அது தேவையான சட்டம்தான். ஆனால் முறையான உரிமத்தோடு, தலைக்கவசம் அணிந்து, வேக வரம்புக்குள் அந்தப் பேருந்தைக் கடந்தவனை எந்த அபராதம் பேருந்தின் முன்புறத்தைப் பார்க்க வைக்கும்?

கலிபோர்னியாவில் புதிதாக உரிமம் பெற்ற 16 முதல் 18 வயதினர் 5,000-க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு, ஆபத்து எங்கே மறைந்திருக்கும் என்பதைக் கணினியில் சிறிது நேரம் கற்பித்து, ஓராண்டு கவனித்தார்கள். பெண்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆண்களிடம் விபத்து விகிதம் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைவாக இருந்தது. துணிச்சல்காரர்கள் என்று எதிரணி சுட்டிக்காட்டுவது அந்த வயது ஆண்பிள்ளைகளைத்தான். அவர்களுடைய துணிச்சலே காரணமென்றால், எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டுமே கற்றுக்கொடுத்த பயிற்சி எப்படிப் பலித்தது என்பதை அடுத்துப் பேச வருபவர் இந்த அவைக்கு விளக்கட்டும்.