இரக்கம் விதியில் இருக்கட்டும், விசிலில் வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஜனவரிக் குளிரையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து நேராக இந்த அரங்கத்துக்கு அழைத்துவந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக் கூடைப்பந்தில் ஆட்டம் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், ரெஃபரி தன் விசிலைத் தளர்த்திக்கொள்ள வேண்டுமா, கூடாதா? இதுதான் தலைப்பு. கூடவே கூடாது என்று வாதாட வந்திருக்கிறேன். முதல் நிமிடத்தில் எது ஃபவுலோ, கடைசி நிமிடத்திலும் அது ஃபவுல்தான். பந்தைத் தட்டாமல் நடந்துவிடும் டிராவலிங்கும் அப்படியே; முதல் நிமிடத்தில் எது டிராவலிங்கோ, கடைசி நிமிடத்திலும் அது டிராவலிங்தான். வித்தியாசம் இரண்டு புள்ளி என்றாலும் அறுபது புள்ளி என்றாலும் அதே கண், அதே விசில்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஐம்பது புள்ளி பின்தங்கி நிற்கும் ஒரு சிறுமி, பந்தைத் தட்டாமல் ஓரடி கூடுதலாக எடுத்துவைத்துவிட்டால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கேள்வியில் இருக்கும் ஈரம் உண்மையானது. பகலில் கணினி வேலை, மாலையில் கோடு போட்ட சட்டை என்று அமெரிக்காவின் இந்த ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி ஆட்டங்களுக்கு ரெஃபரியாகப் போகிறவன் நான். ஸ்கோர்போர்டை நிமிர்ந்து பார்க்கவே கூசும் முகங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கிறேன். அந்த வேதனை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அதற்கு அவர் காட்டும் வழி தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியினர் 2009 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் நடந்த பெண்கள் ஆட்டத்தை எடுத்துக்காட்டினார்கள். கவனன்ட் பள்ளி 100, டாலஸ் அகாடமி 0. தோற்றது, கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி. நான்கு பருவங்களாக ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாத அணி. இடைவேளையிலேயே 59-0. நான்காம் கால்பகுதியிலும் வென்ற அணி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்துகொண்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. நெஞ்சு பதறும் ஆட்டம்தான். ஆனால் அதற்குப் பின் நடந்ததை எதிரணியினர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வென்ற பள்ளியே மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு எனக்கு உடன்பாடில்லை என்று எழுதிய அதன் பயிற்சியாளர் வேலையை இழந்தார். 2015-ல் கலிபோர்னியாவில் அரோயோ வேலி பள்ளி, புளூமிங்டன் பள்ளியை 161-2 என்று வென்றது. பயிற்சியாளருக்கு இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. 2022-ல் கனெக்டிகட்டில் சேக்ரட் ஹார்ட் அகாடமி, லைமன் ஹால் பள்ளியை 92-4 என்று வென்றது. பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்துக்குத் தடை.

மூன்று இடத்திலும் விரல் யாரை நோக்கி நீண்டது? பயிற்சியாளரை நோக்கி. அதுதான் நியாயம். களம் முழுக்க மறித்துப் பந்தைப் பறிக்கும் தடுப்பாட்டத்தை நிறுத்தச் சொல்ல அவரால் முடியும். முதல் ஐவரை உட்கார வைக்க முடியும். பலமுறை கைமாற்றிய பிறகே கூடையை நோக்கி எறியுங்கள் என்று கட்டளையிட முடியும். ரெஃபரியால் என்ன முடியும்? அந்த 161-2 ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புளூமிங்டன் பெண்களின் இருபது டிராவலிங்குகளை ரெஃபரி பார்க்காததுபோல் விட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது முறையும் பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 161-42. அந்தப் பெண்கள் வீடு திரும்பிய பஸ்ஸில் அழுகை நின்றிருக்குமா? வேதனை அப்படியே இருந்திருக்கும். ஆட்டத்தின் நேர்மை மட்டும் போயிருக்கும்.

எதிரணியினர் யோசிக்காத ஒருத்தியைப் பற்றி இப்போது பேச வேண்டும். நான் இந்த மேடைக்கு வந்ததே அவளுக்காகத்தான்.

ஆட்டம் சாய்ந்த பிறகு முன்னிலையில் இருக்கும் அணிக்காகக் களத்தில் நிற்பது யார்? மனசாட்சி உள்ள பயிற்சியாளர் மூன்றாம் கால்பகுதியிலேயே முதல் ஐவரை வெளியே எடுத்துவிடுவார். பெஞ்சின் கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து வருவாள். நவம்பரிலிருந்து ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிடாதவள். மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தவள், மற்றவர்களுக்காகத் தொண்டை வறளக் கத்தியவள். நெருக்கமான ஆட்டங்களில் அவளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் ஒரு கால்பகுதி எட்டு நிமிடம். அவளுடைய குளிர்காலம் முழுவதும் அந்த எட்டு நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. அவள் உள்ளே வருவதைப் பார்த்ததும் மேலே உட்கார்ந்திருக்கும் அப்பா கைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார். இந்த அரங்கத்தில் இருக்கும் எத்தனை அப்பாக்களுக்கு அது தெரியும்! நம் பிள்ளைகளில் பலர் அந்தக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்கள்தானே?

எதிரணியின் யோசனைப்படி அப்போது ரெஃபரி என்ன செய்ய வேண்டும்? பின்தங்கியவர்களிடம் இளகி, முன்னிலை அணியிடம் கறாராக இருக்க வேண்டும். அவள் காலை அரையடி நகர்த்தினாலே விசில். பந்தைத் தடுக்கக் கை நீட்டினால், பட்டும் படாமலும் இருக்கும்போதே விசில். ஐம்பது புள்ளிகளைக் குவித்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐம்பதில் ஒரு புள்ளிகூடத் தன்னுடையதாக இல்லாத பெண் தண்டனை வாங்கிக்கொண்டிருக்கிறாள். நான்கு நிமிடத்தில் மூன்று ஃபவுல். என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்க்கிறாள். இதற்குக் கருணை என்று பெயர் வைக்க என்னால் முடியாது, நடுவர் அவர்களே. ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைக்க இன்னொரு குழந்தையின் எட்டு நிமிடத்தைப் பிடுங்கும் உரிமையை யாரும் ரெஃபரிக்குக் கொடுக்கவில்லை.

சரி, பின்தங்கிய அணியின் பெண்ணுக்காவது இந்தச் சலுகை நல்லது செய்கிறதா? பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். களத்தில் நடப்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெண் பந்தைப் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி தட்டுகிறாள். அது விதிமீறல். ஆனால் விசில் வரவில்லை. எதிரே நிற்பவள் தன் தோழியிடம், "விட்டுவிடு, அவர் இப்போது ஊதமாட்டார்" என்கிறாள். எல்லோர் காதிலும் விழுகிறது. அடுத்த நொடி அந்தப் பெண் கூடையில் பந்தைப் போடுகிறாள். அவளுடைய முகத்தை அப்போது பார்த்திருக்கிறேன். அதில் மகிழ்ச்சி இல்லை. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைப் போலப் புள்ளியைப் போட்டுக் கொடுத்தால், வாங்கிக்கொள்கிற பிள்ளைக்குத் தான் விலை கொடுத்து வாங்கவில்லை என்பது தெரியாதா?

ஊதினால் என்ன ஆகும்? பந்து கை மாறும். அடுத்த முறை அவள் கவனமாக இருப்பாள். எப்போதாவது ஒன்று உள்ளே போகும். 58-6 என்ற கணக்கில் அந்த ஆறாவது புள்ளிக்கு அவளுடைய பெஞ்ச் முழுவதும் எழுந்து குதிக்கும். அந்தப் புள்ளி யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஒரு பருவம் முழுவதும் தோற்ற அணிக்கு அதுதான் மிஞ்சும். அதையும் கலப்படம் செய்யாதீர்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வேறு வழி சொன்னார். யார் பக்கமும் சாய வேண்டாம், ஆனால் ஃபவுல்களை ஊதாமல் விட்டுவிடலாம், கடிகாரம் நிற்காமல் ஓடும், எல்லோரும் சீக்கிரம் வீடு போகலாம் என்றார். கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. ஆனால் சாய்ந்துபோன ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் களத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம், தோல்வியின் எரிச்சல் தலைக்கேறிய பிள்ளைகள். மறுபக்கம், கிடைத்த சில நிமிடங்களில் தன்னை நிரூபிக்கத் துடிக்கும், உடலை இன்னும் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாத மாற்று ஆட்டக்காரர்கள். இரண்டும் மோதுகிற இடத்தில் விசில் இல்லை என்று தெரிந்தால், முதலில் முழங்கை, பிறகு தோள் இடி, அதற்குப் பிறகு காற்றில் எழும்பியவளை முதுகில் தள்ளிவிடுவது. காற்றில் இருக்கும் பிள்ளை தரையில் எப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் தள்ளலுக்கே விசில் ஊதிக் கையை உயர்த்தினால், பெரும்பாலும் இரண்டாவது தள்ளல் வருவதில்லை. வேண்டுமென்றே செய்த ஃபவுலுக்கு, யாரும் மறிக்காமல் கூடையை நோக்கி எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டும் பந்தும் கொடுக்கச் சொல்கிறது விதி. அந்த விதி 12-12 என்ற ஆட்டத்துக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் சக ரெஃபரிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆட்டத்தைத் தளர்த்திவிட வேண்டும் என்று சொல்பவர்களில் சிலர், ஓடுவதை நிறுத்துவதற்கு நல்ல காரணம் தேடுகிறார்கள். கீழ்நிலை ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டே ரெஃபரிகள். ஒருவர் கூடைக்குக் கீழே கோட்டருகே ஓடிப்போய் நிற்க வேண்டும், மற்றவர் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்த கதைதான் என்ற நினைப்பு வந்தவுடன் நடை தொடங்கிவிடும். நடுக்கோட்டில் நின்றபடியே மறுமுனையைப் பார்ப்பார்கள். முன்னிலை அணியின் பயிற்சியாளரோடு சிரித்துப் பேசுவார்கள். பின்தங்கிய அணியின் பெஞ்ச் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ரெஃபரி காட்டக்கூடிய மரியாதை ஒன்று உண்டு: கடைசி நொடிவரை அவர்களுடைய ஆட்டத்துக்காக ஓடுவது. வெளியே போன பந்தை விரைந்து எடுத்துக் கொடுக்கலாம். "கையை எடு", "உள்ளே நிற்காதே, வெளியே வா" என்று இரண்டு அணிக்கும் ஒரேபோல முன்கூட்டியே சொல்லி, ஃபவுல் வருமுன் தடுக்கலாம். இதில் எங்கும் வளைப்பு இல்லை.

அப்படியானால் இரக்கத்துக்கு இடமே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதே ஒஹாயோவில், இரண்டாம் பாதியில் வித்தியாசம் 35 புள்ளியை எட்டினால் கடிகாரம் நிற்காமல் ஓடத் தொடங்கும். பந்து வெளியே போனாலும் ஓடும். டைம் அவுட்டுக்கும் காயத்துக்கும் நிற்கும். இத்தகைய ஏற்பாட்டை மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் செய்துகொள்ள, அவற்றின் தேசியக் கூட்டமைப்பின் விதி இடம் கொடுக்கிறது. இரு பயிற்சியாளர்களும் ரெஃபரியும் ஒப்புக்கொண்டால் மீதமுள்ள கால்பகுதிகளின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும் அதே விதி இடம் கொடுக்கிறது. இவை இரண்டும் திறந்த வாசல்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். யார் முகத்தையும் பார்த்துத் திறப்பதில்லை, யாரையும் கையேந்த வைப்பதில்லை. இது போதவில்லை என்றால் 35-ஐ 25 ஆக்கச் சொல்லி மாநிலச் சங்கத்துக்கு எழுதுங்கள். பலமான பள்ளிக்கும் பலவீனமான பள்ளிக்கும் ஏன் ஆட்டம் போடுகிறீர்கள் என்று அட்டவணை போடுகிறவரிடம் கேளுங்கள். நானும் உங்களோடு வந்து கேட்கிறேன்.

விசில் ஒரு பக்கம் வளையலாம் என்று ஒப்புக்கொண்டால், மறுபக்கமும் வளையும். 1990-ல் கலிபோர்னியாவில் மார்னிங்சைட் பள்ளியின் லிசா லெஸ்லி, சவுத் டாரன்ஸ் பள்ளிக்கு எதிராக முதல் பாதியிலேயே 101 புள்ளிகள் எடுத்தார். 102-24 என்ற நிலையில் சவுத் டாரன்ஸ் அணி இரண்டாம் பாதிக்கு இறங்க மறுத்துவிட்டது. அதற்கு டெக்னிக்கல் ஃபவுல்கள், அதாவது ஒழுங்கு மீறலுக்கான தண்டனைகள், கொடுக்கப்பட்டன. அந்த ஃப்ரீ த்ரோக்களில் லெஸ்லி மேலும் நான்கு புள்ளி எடுத்தார். 105! 1982-ல் செரில் மில்லர் என்ற பள்ளி ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் எடுத்துச் சாதனையாகப் பேசப்பட்ட அதே 105. ஆனால் அந்த நான்கு புள்ளிகளும் பின்னர் செல்லாது என்று நீக்கப்பட்டன. ஆட்டமே இல்லாத களத்தில் ஒரு சாதனைக்காகப் புள்ளி சேர்வதை நாம் யாரும் ஏற்கமாட்டோம். சாதனைக்காகச் சேர்க்கக் கூடாத புள்ளியை இரக்கத்துக்காக மட்டும் எப்படிச் சேர்ப்பது?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. ரெஃபரியின் மனம் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் இளகத் தொடங்க வேண்டும்? இருபதா, முப்பதா, நாற்பதா? 28 புள்ளி பின்தங்கிய அணி, இளகிய விசிலின் துணையோடு ஆறு புள்ளி தூரத்துக்கு வந்துவிட்டால், அதுவரை விட்டுக்கொடுத்ததை எந்த நிமிடத்தில் நிறுத்துவது? நிறுத்தும்போது அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? அந்த எண்ணையும் அந்தப் பதிலையும் முதலில் இந்த மேடையில் வைத்துவிட்டு அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.