கறிவேப்பிலை இல்லை, அண்ணே!

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், பொங்கல் விருந்து முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பத்து நிமிடம்தான். நேரே வருகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் கடவுள் இருக்கலாமா, கூடாதா? கூடாது என்று பேச வந்திருக்கிறேன், நெற்றியில் திருநீற்றோடு. விளக்கேற்றாமல் நான் காலைக் காபி குடிப்பதில்லை. சாமி இல்லை என்கிற கட்சியின் ஆள் இவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் 28 வருஷம் ஆயா வேலை பார்த்தவர். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஆஸ்பத்திரி இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். வார்டு, டிரிப்ஸ், டிஸ்சார்ஜ், காட். காட் என்றால் கட்டில். “மூணாம் நம்பர் காட்டுக்குக் கஞ்சி குடு” என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

என் மகளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் தினமும் சொல்வதை ஒருநாள் ஆச்சி முன்னால் நெஞ்சில் கை வைத்து ஒப்பித்தாள். “ஒன் நேஷன், அண்டர் காட், இன்டிவிசிபிள்...” முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

“ஏட்டி, என்ன சொன்ன? காட்டுக்கு அடியிலயா?”

“ஆமா ஆச்சி.”

“காட்டுக்கு அடியில என்னட்டி இருக்கு?”

“அமெரிக்கா இருக்கு ஆச்சி!”

“இம்புட்டுப் பெரிய நாடு எதுக்குட்டி காட்டுக்கு அடியில போய்ப் படுத்துக் கிடக்கு?”

“காட் நம்மளப் பாத்துக்கும் ஆச்சி.”

“காட் எப்பிடிட்டி பாத்துக்கும்? அதுக்குக் கண்ணா இருக்கு? நாலு காலுல்லா இருக்கு!”

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டுச் சின்னம்மாவிடம் சொல்கிறார்: “இங்க பள்ளிக்கூடத்துல தினம் காலையில பிள்ளையள நிப்பாட்டி வச்சு, நாடு கட்டிலுக்கு அடியில கிடக்குன்னு சொல்லச் சொல்லுதாவ. என்ன வேண்டுதலோ தெரியல.” சின்னம்மா அந்தப் பக்கம், “கட்டிலுக்கு அடியிலயா, தூசியால்லா இருக்கும்!” என்கிறார்.

சிரித்து முடித்த பிறகு நான் உட்கார்ந்து விளக்கினேன். “அம்மா, அது கட்டில் இல்லை. கடவுள். கடவுளின் கீழ் ஒரே நாடு என்று அர்த்தம்.” அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டு கேட்டார்: “எந்தச் சாமி?” பொதுவாகச் சொல்வதுதான் என்றேன். “இவ கிளாஸ்ல எத்தனை பிள்ளைய?” இருபத்திரண்டு. “அத்தனைக்கும் ஒரே சாமியா?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சற்று முன்னால் பலத்த கைதட்டல் வாங்கினார். என்ன சொன்னார்? “அது ரெண்டே ரெண்டு வார்த்தை. ரசத்துல கறிவேப்பிலை மாதிரி. பிடிக்காதவங்க ஒதுக்கி வச்சிட்டுச் சாப்பிடட்டும். அதுக்காக ரசத்தையே கொட்டணுமா?” நானும் கைதட்டினேன். நல்ல உவமை. அதை நான் சும்மா விடப் போவதில்லை.

முதலில், ரசம் வைத்தவர் யார்? பிரான்சிஸ் பெல்லமி. பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார். கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டு விழாவுக்காக 1892-இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் எழுதினார். ஒரே நாடு, பிரிக்க முடியாத நாடு, எல்லோருக்கும் சுதந்திரம், நீதி. அவ்வளவுதான். கடவுளைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், அந்த மனிதரே இதில் கடவுளைச் சேர்க்கவில்லை. 62 வருஷம் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு உலகப் போர்களை இந்த நாடு அந்தப் பழைய ரசத்தோடுதான் கடந்தது.

அப்புறம் 1954. ரஷ்யாவோடு பனிப்போர். ‘அண்டர் காட்’ என்ற அந்த இரண்டு வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ என்ற கத்தோலிக்க அமைப்பு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் ஜார்ஜ் டோச்சர்ட்டி என்ற போதகர், ஜனாதிபதி ஐசன்ஹோவரை எதிரே உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தார். இதே உறுதிமொழியை மாஸ்கோவில் ஒரு பிள்ளை தன் கொடிக்கு முன்னால் சொல்லிவிட முடியுமே, நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஜூன் 14-ஆம் தேதி சட்டமாகிவிட்டது. அண்ணே, கறிவேப்பிலையைத் தாளிக்கும்போது போடுவார்கள். இது பந்தி பரிமாறி 62 வருஷம் கழித்து, நம் ரசம் வேறு என்று எதிர்வீட்டுக்காரனுக்குக் காட்டப் போட்டது. போட்ட இடத்தையும் பாருங்கள். “ஒரே நாடு” என்பதற்கும் “பிரிக்க முடியாதது” என்பதற்கும் நடுவில்!

இரண்டாவது, ஒதுக்கி வைப்பது. இலையில் கறிவேப்பிலையை ஒதுக்கினால் யாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கை வைத்துச் சொல்லும்போது ஏழு வயதுப் பிள்ளை இரண்டு வார்த்தைக்கு மட்டும் வாயை மூடட்டும், பார்க்கலாம். வார்த்தையை ஒதுக்கப் போய், பிள்ளையல்லவா ஒதுங்கிவிடுகிறது!

1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் 12 வயது அக்காவும் 10 வயது தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். கொடியை வணங்குவதும் வழிபாடுதான், வழிபாடு ஒருவருக்கு மட்டுமே என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி இருவரையும் வெளியே அனுப்பியது. 1940-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று பள்ளியின் பக்கம் நின்றது. அதன் பிறகு பல ஊர்களில் அந்தச் சபைக்காரர்களுக்கு அடி விழுந்தது. மூன்றே வருஷத்தில், 1943-இல், நீதிமன்றமே தன் தீர்ப்பை மாற்றி எழுதியது. மதத்திலோ தேசப்பற்றிலோ எது சரியான கருத்து என்று விதிக்க, சின்னதோ பெரியதோ, எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்றார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன்.

அதனால்தான் கட்டாயம் இல்லையே என்கிறார் அண்ணன். சரி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1954-க்கு முன்னால் அந்தப் பிள்ளைகளிடம், “இது வழிபாடு இல்லையம்மா, நாட்டுக்குக் காட்டும் மரியாதை” என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். கடவுளின் பெயரை உள்ளே வைத்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

நம் ஊரில் நடக்காததா? 1985-இல் கேரளாவில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1986-இல் நம் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அதற்கும் முன்னால், 1949 அக்டோபர் 17. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத், முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். பூர்ணிமா பானர்ஜி எழுந்து, கடவுளுக்கு ஓட்டுப் போடும் சங்கடத்தில் எங்களைத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. 41-க்கு 68 என்று திருத்தம் தோற்றது. தோற்கடித்த 68 பேரும் சாமி கும்பிடாதவர்களா?

டாலர் நோட்டில் கடவுள் இருக்கிறாரே என்றார் இன்னொரு தம்பி. நோட்டை நெஞ்சில் வைத்து யாரும் உறுதி எடுப்பதில்லை தம்பி. நீதிமன்றத்தில் இந்த இரண்டு வார்த்தை பிழைத்துக்கொண்டதையும் நான் மறைக்கவில்லை. 2002-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. 2004-இல் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்ட தந்தைக்கு அந்த உரிமை இல்லை என்று கதவை மூடியது. 2010-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கலாம் என்றது. சட்டம் விடுகிறது என்பதற்காக நாம் செய்துவிட வேண்டுமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம் ஐயா.

என் மகள் வகுப்பிலும் அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். உறுதிமொழி நேரத்தில் கையைத் தொங்கவிட்டுப் பேசாமல் நிற்பாள். ஒருநாள் வீட்டுக்கு விளையாட வந்தபோது அம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னது பிள்ளை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. சின்ன வயதில், படைப்பதற்கு முன்னால் ஒரு கொழுக்கட்டையைத் தொட்டதற்காக என் கையில் கரண்டியால் அடித்தவர் எங்கள் அம்மா. அன்று வெந்து இறக்கியதும் முதல் ஐந்து கொழுக்கட்டையை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடித் தனியாக வைத்தார். பதறிப்போய், “அம்மா, இன்னும் பிள்ளையாருக்குக் காட்டலையே!” என்றேன்.

“இது அந்தப் பிள்ளைக்கு. பிள்ளையாருக்கு அப்புறம் காட்டுதேன். அவரு காத்திருப்பாரு. பச்சப்பிள்ள காத்திருக்குமா?”

ஒதுக்கி வைப்பது என்றீர்களே அண்ணே, எங்கள் அம்மா ஒதுக்கி வைத்தது அந்தக் கிண்ணத்தை.

அந்தப் பிள்ளை ஐந்தையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் படைத்தது. அம்மா புதிதாக மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.