மலாயா மருந்தும் பிஜு பட்நாயக்கின் விமானமும்

நேயர்களுக்கு வணக்கம். நம்மில் பலர் வீட்டில் நேதாஜி படம் தொங்கும். மலாயாத் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போன தாத்தா, பாட்டி கதையும் இருக்கும். ஆனால் பிஜு பட்நாயக் என்ற பெயர் கோலாலம்பூரில் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. விழ வேண்டும் என்பது என் ஆசை.

1916ல் ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயருக்காக விமானம் ஓட்டினார். ஜப்பானியர் நெருங்கியபோது ரங்கூனில் சிக்கிய வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பத்திரமாக ஏற்றி வந்தார். அதே ஆள்தான் 'வெள்ளையனே வெளியேறு' துண்டறிக்கைகளை இந்தியச் சிப்பாய்களுக்காக வானிலிருந்து போட்டார். தலைமறைவாக இருந்த தலைவர்களை ரகசியமாக ஏற்றிச் சென்றார். விடுவார்களா? 1943ல் சிறையில் போட்டார்கள்.

நமக்கு நெருக்கமான கதை அப்புறம்தான் வருகிறது. 1947 ஜூலை 21ஆம் தேதி டச்சுப் படை, தன் ஆட்சியிலிருந்து விடுதலை அறிவித்திருந்த இந்தோனேசியக் குடியரசின் மீது பாய்ந்தது. அக்குடியரசின் முன்னாள் பிரதமர் சுத்தான் ஷாரிர் வெளியே வந்து உலகத்திடம் நியாயம் கேட்க வேண்டும். நேரு சொல்ல, பட்நாயக் தன் டக்கோட்டா விமானத்தில் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குப் பறந்தார். விமானம் ஓட்டத் தெரிந்த மனைவி ஞானும் கூடவே போனார். சுட்டு வீழ்த்துவோம் என்று டச்சுக்காரர்கள் மிரட்டியும் ஷாரிரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வழியாக டெல்லி சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 14ஆம் தேதி ஷாரிர் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பேசினார்.

அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஜூலை 29ஆம் தேதி, பட்நாயக்கின் கலிங்கா நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு டக்கோட்டா சிங்கப்பூரிலிருந்து ஜாவாவின் யோக்யகர்த்தா நகருக்குப் போனது. உள்ளே இருந்தது மலாயா செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்து. இறங்கும் நேரத்தில் டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டன. ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் ஒருவர் இந்தோனேசிய விமானப்படை முன்னோடி அடிசுசிப்தோ. அங்கே போரோபுதூர் புத்தக் கோயில் பார்க்கப் போன நம்மவர்கள் பல காலம் இறங்கியது அவர் பெயர் தாங்கிய விமான நிலையத்தில்தான். நம் மண்ணிலிருந்து போன மருந்தோடு அவர் இறந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பட்நாயக் பிறகு ஒடிசாவின் முதலமைச்சர் ஆனார். 1962 சீனப் போரை ஒட்டி, கட்டாக் அருகே சர்பாத்தியாவில் உளவு விமானத் தளம் உருவாக உழைத்தார். 1975 நெருக்கடி நிலையில் மறுபடியும் சிறை, இம்முறை சுதந்திர இந்தியாவில். 1997ல் காலமானார்.

1947ல் அந்த மருந்துக்காகக் காசு போட்டவர்கள், மூட்டை கட்டியவர்கள் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து எழுதி வையுங்கள். நன்றி, வணக்கம்.